சவரிமுத்து மாட்டிய ஆயில் குழாய்

திண்டிவனம் மரக்காணம் ரோட்டு மெக்கானிக்குகளே, லாரி ஓட்டுநர்களே, சவரிமுத்துவைத் தெரிந்த மற்ற பெருமக்களே! இப்போது நான் எழுதப் போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை என்று மனமார உறுதி கூறுகிறேன். விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை எனக்கு ‘அளப்பு மாமா’ என்று பட்டம் சூட்டியவர்கள் நீங்கள்தான். பொருத்தமான பட்டம். அதை எதிர்த்து நான் எங்கேயும் மனு கொடுத்ததில்லை.

செய்தி வந்தபோதும் அளந்துகொண்டுதான் இருந்தேன். விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. நான் லாரி ஓட்டிய காலத்தில் ஒரு புயலை நாக்பூர் வரை துரத்திக்கொண்டு போன கதை. புயல் மூச்சு வாங்கி ரோட்டோரம் உட்கார்ந்த கட்டத்தில் போன் அடித்தது. சவரிமுத்துவின் மகள் அமலி.

“மாமா, அப்பா போய்ட்டாரு. காலைல கஞ்சி குடிச்சிக்கினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.”

“அப்புறம் அந்தப் புயல் என்னா ஆச்சு மாமா?” என்றார் டீக்கடைக்காரர். “தெரியலப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் ஒரு கதையைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

அடக்கத்துக்கு வந்த நீங்கள் நல்லதைத்தான் பேசினீர்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. “நல்ல கைக்காரருதான். அந்த டர்போ கார்ல மட்டும் கோட்டை விட்டுட்டாரு. ஆயில் குழாயைச் சரியா மாட்டலன்னு அவரே ஒத்துக்கினாரே.” அந்தப் பேச்சுக்குப் பதில்தான் இது. அவருடைய பெயர் மேல் இருக்கிற அந்த ஒரு கறை அவருடையதில்லை. இதைச் சொல்வதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது சவரிமுத்துவின் துரதிர்ஷ்டம்.

அந்தக் கார் மேல்சித்தாமூர் நயினாருடையது. நயினார் சமணப் பெரியவர்; பம்பாயில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு வெளிநாட்டுக் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். என்ஜின் ஜாமாகி, கொட்டகையில் பல வருஷம் கிடந்து, கடைசியில் லாரியில் ஏறித் திண்டிவனத்தில் சவரிமுத்துவின் பட்டறைக்கு வந்தது. அப்போது நான் அங்கேதான் அவருக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்தேன். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். அங்கே ஏழு தலைமுறை எலிகள் வாழ்ந்து, ஊராட்சித் தேர்தல் நடத்தி, ரேஷன் கார்டும் வாங்கியிருந்தன. நயினார் எட்டிப் பார்த்துக் கை கூப்பிவிட்டார். “சவரிமுத்து, அந்தக் குஞ்சுங்களை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க.” சவரிமுத்து ஒரு சக்கர மூடியில் பழைய துணியை விரித்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பின்னால் இருந்த கொல்லையில் கொண்டுபோய் விட்டார். அரை நாள் வேலை கெட்டது. நான் முணுமுணுத்தேன். “பேஜாரு பண்ணாதடா. வண்டிக்காரர் மனசு கலங்கினா வண்டி எப்படிடா நல்லா ஓடும்?” என்றார்.

என்ஜினை ஏழு மாதம் பிரித்துச் சேர்த்தார். கழற்றிய பாகங்களை மாதா கோயில் காலண்டர் தாள்களில் பரப்பி, எந்த நாளில் கழற்றினாரோ அந்தத் தேதியின் மேலேயே வைப்பார். மாட்டும்போது காலண்டரைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவார். அவர் மாட்டி முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயதில் ஏழு மாதம் குறைந்திருந்தது.

டர்போ என்றால் என்ன என்று அறியாத அமலிக்காகச் சொல்கிறேன். என்ஜின் விடுகிற புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்னக் காத்தாடி அது. சுற்றுகிற சுற்றில் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். சின்ன என்ஜின் பெரிய என்ஜினைப் போல இழுக்கும். அதன் தண்டு எண்ணெயில் மிதந்தபடி சுற்றுகிறது. அந்த எண்ணெயைக் கொண்டு வருவதுதான் ஆயில் குழாய். காற்றின் அழுத்தத்தை உன் அப்பா ஒரேயடியாக ஏற்றவில்லை. கொஞ்சம் ஏற்றுவார், பிரம்மதேசம் வரை என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். “கேப்பை அடை வெந்த நிறத்துல இருக்கணும். வெள்ளையா இருந்தா என்ஜினுக்கு ஜுரம். கறுப்பா இருந்தா பெட்ரோல் செரிக்கல.” ஒன்பதாவது ஓட்டத்தில் நிறம் கூடி வந்தது. நான் ஒரு மிதி மிதித்தேன். பிரம்மதேசம் கோயில் வௌவால்கள் பட்டப்பகல் என்றும் பாராமல் வெளியே வந்து, இரு வரிசையாக நின்று வழி விட்டன.

எனக்கு அவர் விதித்த கட்டளை ஒன்றுதான். “நிறுத்தினதும் சாவியைத் திருப்பாத. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடு. சூட்டோட அணைச்சா எண்ணெய் வரத்து நின்னுடும். தண்டுல இருக்கற எண்ணெய் அங்கேயே கருகிப் பிடிச்சிக்கும்.”

வண்டியை வீட்டில் சேர்க்கும் நாள். நான் ஓட்ட, நயினார் பக்கத்தில். மூன்றாவது இருக்கை இல்லாததால் சவரிமுத்து தன் பழைய மொபெட்டில் பின்னால் வந்தார். வல்லத்தில் கூட்டம் மறித்துக்கொண்டது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். நயினார் வண்டியைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்தார். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். “பரவால்ல, இன்னிக்குப் பட்டினி இருந்துக்கறேன்” என்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் விலகியதும் மிதித்தேன். என் நிழல் வல்லத்திலேயே தங்கிவிட்டது. மூன்று நாள் கழித்துப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தது.

வாசலில் நிறுத்தும்போது சூரியன் பனைமரத்துக் கழுத்தளவில். உள்ளே இலை போட்டிருந்தது. வாழைக்காய்ப் பொரியல், வெங்காயம் இல்லாத சாம்பார். நயினார் இறங்கியவர் உள்ளே போகாமல் நின்றார். “வாங்க, ஜல்தியா கை அலம்புங்க. நீங்க உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்.”

சாவியைத் திருப்பினேன். ஓடிப்போய்க் கை அலம்பினேன்.

நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சவரிமுத்து வந்தார். வண்டியருகே குனிந்து மோந்து பார்த்தார்.

“ரெண்டு நிமிஷம் விட்டியா?”

“விட்டேண்ணே.”

எலிக்கும் வௌவாலுக்கும் எவ்வளவு ஜோடனை செய்தேன்! இதற்கு ஒன்றும் செய்யவில்லை. என் வாழ்நாளிலேயே மிகச் சின்னப் பொய்.

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பழைய கார்கள் வைத்திருப்பவர்கள். நயினார் வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கார்களையும் சவரிமுத்துவிடம் தருவதாகப் பேச்சு. அவர்கள் முன்னால்தான் ஸ்டார்ட் செய்தோம். அரம் போட்டு ராவுகிற மாதிரி ஒரு கிறீச்சல். பின்னால் நீலப் புகை. சவரிமுத்து அங்கேயே கழற்றினார். கருகிப்போன தண்டை எடுத்துக்கொண்டு என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். ரெண்டு நிமிஷம் விட்டாயா என்று மறுபடி கேட்கவில்லை. “ஏன்டா?” என்று மட்டும் கேட்டார்.

“பொழுது போய்க்கினு இருந்துச்சுண்ணே. நான் உக்காந்தாத்தான் அவரும் சாப்பிடுவேன்னாரு.”

தண்டைத் துடைத்துத் துணியில் சுற்றினார். பிறகு திரும்பிப் போய் எல்லார் முன்னாலும் சொன்னார்: “ஐயா, தப்பு என்னுது. ஆயில் குழாயைச் சரியா மாட்டல. திருப்பிப் பண்ணித் தர்றேன்.”

பாண்டிச்சேரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கார்கள் வரவேயில்லை. அப்படிப்பட்ட என்ஜின் அதன்பின் அவர் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. கடைசிவரை டிராக்டரும் லோடு ஆட்டோவும்தான்.

திரும்பும் வழியில் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து கத்தினேன். “என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமில்லண்ணே? எனக்கு என்னா பேரு இருக்குது கெட்டுப் போறதுக்கு?”

“உனக்காகப் பண்ணேன்னு நெனச்சிக்கினியா?” என்றார். “நீ ஏன் அணைச்சேன்னு கேட்டா என்னா சொல்லுவ? சாப்பிடக் கூப்பிட்டாருன்னு சொல்லுவ. அந்த மனுஷன் அப்புறம் பொழுது சாயறப்போ யாரையாவது நிம்மதியா சாப்பிடக் கூப்பிடுவாரா? ஒருத்தர் கூப்பிட்டு சோறு போட்டது தப்புன்னு ஆயிடக்கூடாதுடா.”

மூன்று வாரத்தில் டர்போவைப் புதிதாகச் செய்து மாட்டினார். நயினார் இருந்தவரை அந்த வண்டி ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. சாயங்காலம் அந்த வாசலுக்குப் போன யாரும் சாப்பிடாமல் திரும்பியதும் இல்லை. சவரிமுத்துவும் நானுமே எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறோம். நயினார் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று சொன்னால் பாதி சரி. மீதிப் பாதி, எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது சவரிமுத்துவும் இல்லை. அவர் மொபெட்டில் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது. யார் வீட்டிலாவது இலை போட்டுக் கூப்பிட்டால் எனக்கு அது கேட்கிறது.

இத்தனை நாள் அளந்தவனுக்கு இன்று இதுதான் தண்டனை: நம்ப வேண்டிய ஒன்றைச் சொல்லும்போது நம்ப ஆள் இல்லை. ஆகவே பெருமக்களே, மேலே எழுதியதில் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அன்றைக்கு நான் ரெண்டு நிமிஷம் விடவில்லை. ஆயில் குழாயைச் சவரிமுத்து சரியாகத்தான் மாட்டியிருந்தார்.