இடது முன்கை

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் எலும்புக்கூடு வந்தது. நீளமான மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே, கால்களை மடக்கிப் படுத்திருந்தது. விஞ்ஞான டீச்சர் அதை இரும்புக் கம்பியில் மாட்டி நிறுத்தியதும் முன்வரிசைப் பெண்கள் பின்வரிசைக்குப் போனார்கள். பின்வரிசைப் பெண்கள் வராந்தாவுக்கே போய்விட்டார்கள். காரைக்குடியின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்த வகுப்பு அது. நான் கோட்டையூருக்கு அப்பாலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். என் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் யாருமில்லை. பயப்படும் வசதி எனக்கு இல்லை.

“யாராவது வந்து தொட்டுப் பாருங்க” என்றார் டீச்சர். நான் போனேன். காய்ந்த சுரைக்குடுக்கைபோல வழவழப்பாக, எடையே இல்லாமல் இருந்தது அந்தக் கை. காறை எலும்பு, மார்பெலும்பு, இடுப்பெலும்பு, தொடை எலும்பு என்று வரிசையாகத் தொட்டுச் சொன்னேன். இடுப்பெலும்பு அகலமாக இருப்பதால் இது பெண் என்றும், கடைசிக் கடைவாய்ப் பல் அப்போதுதான் முளைத்திருப்பதால் வயது இருபதை ஒட்டியிருக்கும் என்றும் டீச்சர் விளக்கினார். ஆஸ்பத்திரியில் இறந்து, கேட்டு வர ஆளில்லாத உடம்புகள்தாம் இப்படிப் படிப்புக்கு வரும் என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பெருமையாக ஆரம்பித்தேன். பாதியிலேயே தடுத்தாள்.

“பொணத்தத் தொட்டுட்டா வீட்டுக்குள்ள வந்தே? போயித் தலைக்குத் தண்ணி ஊத்துடி.”

“எலும்புல தீட்டெல்லாம் இல்லம்மா. கால்சியந்தான் இருக்கு.”

“அதையும் சேத்துக் கழுவிட்டு வா.”

குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு மீதியையும் சொன்னேன். இருபது வயசுப் பெண், ஆஸ்பத்திரியில் இறந்தவள், கேட்க ஆள் வரவில்லை. அம்மாவின் விரல்கள் மிளகாய் மேல் அப்படியே நின்றன.

“யாரும் கேட்டு வராத பொம்பளையா?”

அப்போதுதான் எனக்கும் சித்தி நினைவு வந்தது. அம்மாவின் ஒரே தங்கை. மூன்று வருஷத்துக்கு முன், இருபது வயதில், தலைப்பிரசவத்துக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவளோடு போன சித்தப்பா நாலாம் நாள் தனியாக வந்தார். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள், அங்குட்டே அடக்கம் பண்ணியாகிவிட்டது என்றார். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. பிறகு அவரும் எங்கோ போய்விட்டார். எங்கள் சனத்தில் சித்தியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவர் எவருமில்லை.

“ஏழு வயசுல நாவ மரத்துலேருந்து விழுந்து இடக்கைய ஒடிச்சுக்கிட்டா” என்றாள் அம்மா. “முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல. மூங்கில் சிம்பு வச்சுக் கட்டுனப்ப நாந்தான் புடிச்சுக்கிட்டேன். அந்தக் கையப் பாத்தா எனக்குத் தெரியும்.”

மறுநாள் மதியம் வகுப்பு வாசலில் அம்மா நின்றாள். செருப்பில்லாத கால். முந்தானை நுனியில் என்னவோ முடிந்திருந்தது. எனக்கு உடம்பு கூசியது.

“டீச்சரம்மா, நேத்து ஒரு பொம்பளப் பிள்ளையக் காட்டுனீகளாம். ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்.”

டீச்சர் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனார். ஜன்னலில் மொய்த்த பெண்களை விரட்ட அவர் வெளியே போனதும் நானும் அம்மாவும் மட்டும் நின்றோம்.

அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய் அந்த இடது கையை எடுத்து, வளையல்காரர் வளையல் போடும்போது பிடிப்பதுபோல விரல்களைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடவினாள். திரும்பவும் தடவினாள். அதுவரை எனக்கு அது ஒரு பாடம்.

“ஒண்ணும் புரியலையே. நீ பாரு. நீதானே படிச்ச பிள்ள.”

நான் பார்த்தேன். முன்கையின் இரண்டு எலும்புகளும் நேராக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தன. ஒடிந்த எலும்பு கூடும்போது அந்த இடத்தில் புது எலும்பு மேடாகத் திரளும் என்று எங்கள் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி எனக்கு மனப்பாடம்.

“ஒடஞ்ச எடத்துல தடம் இருக்கும்மா. இதுல இல்ல. இது சித்தி இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுடி. வாய்க்கரிசி கொண்டாந்திருக்கேன்.” முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். “அவளுக்கு யாருமே போடல. அவதான்னா போட்டுட்டுப் போயிருவேன். வேத்து மனுசிக்கு நான் போடக் கூடாது. அவ சனந்தான் போடணும்.”

“சத்தியமா இல்லம்மா” என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அந்தக் கையை ஆடாமல் இறக்கிவிட்டு, டீச்சரைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். பஸ் ஏற்றிவிட நானும் போனேன். வழியில் ஊருணிப் படியில் இறங்கி முடிச்சை அவிழ்த்து அரிசியைத் தண்ணீரில் கொட்டினாள். மீன்கள் மேலே வந்தன. முந்தானையை உதறிக்கொண்டு, “வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது” என்றாள். நான் தலையாட்டிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அக்கம்பக்கத்தில் அம்மாவுக்கு இது ஒரு பெருமை. “எம் மக எலும்பப் பாத்தே ஆளச் சொல்லிருவா” என்பாள். நானும் மறுத்ததில்லை.

இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். போன வாரம் எலும்பு வளர்ச்சி பற்றிய பாடம் நடந்தது. சின்ன வயதில் ஒடிந்த எலும்பு, பிள்ளை வளர வளரத் அந்த மேட்டைத் தானே கரைத்துக்கொள்ளும், பத்துப் பன்னிரண்டு வருஷம் போனால் ஒடிந்த சுவடே தெரியாமல் போகலாம் என்றார் பேராசிரியை. நான் எழுந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையே சொன்னார். உட்கார மறந்து நின்றேன்.

அது சித்திதான் என்று சொல்ல இன்றும் என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று சொல்ல அன்றும் இருக்கவில்லை. ஒரு வரிக்கு அடுத்த வரியும் உண்டு என்று தெரியாத வயதில், அம்மாவின் முகத்துக்கு நேரே நான் சத்தியம் செய்திருக்கிறேன்.