மாடில்லாதவனின் கயிறு

தெற்கே இருந்த கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சலரோகம் என்கிற சீனி வருத்தத்தோடு சொந்த ஊரான சரவணைக்குத் திரும்பினேன். பின்னேரங்களில் நன்றாக நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் வேலையில்லாமல் நடக்கிற மனிதனை யார் விடுவார்கள்? ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் மறித்து, "அண்ணை, இருந்திட்டுப் போங்கோவன்" என்பார்கள். இருந்தால் தேத்தண்ணீர் வரும். சீனி கூப்பனுக்கு மட்டும் அளந்து கிடைத்த காலம் அது. தங்கள் பிள்ளைகளுக்குப் பனங்கட்டியைக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் சீனியை அள்ளிப் போட்டிருப்பார்கள். அதை எப்படி வேண்டாம் என்பது? நடக்க நடக்க வருத்தம் கூடியதுதான் மிச்சம்.

எரிச்சலில் ஒருநாள், எப்போதோ மாடு கட்டிய கொட்டிலில் கிடந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"எங்கை அண்ணை?"

"மாட்டைக் காணேல்லை."

அவ்வளவுதான். மாடு தேடுகிறவனை எங்கள் ஊரில் யாரும் மறிப்பதில்லை. பொழுதுபடுமுன் பிடிக்காவிட்டால் அது அவர்களுடைய தோட்டத்தில்தானே வாய் வைக்கும்! அன்றிலிருந்து தினமும் மாடு தேடினேன். அடுத்தமுறை போனபோது டொக்டருக்கே முகம் மலர்ந்தது. ஊரை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கும் உள்ளூரப் பெருமை.

ஒரு பின்னேரம் பக்கத்து வளவுக்காரர் தன் படலையில் என்னை மறித்தார்.

"அண்ணை, உங்களிட்டை மாடு இல்லையெண்டு ஊருக்கே தெரியும்."

எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் உந்த வருத்தந்தான். நாளைக்கு நானும் ஒரு கயிறு கொண்டு வரட்டோ?"