நாலு கிலோமீட்டர் பாக்கி

காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுவேன். நாற்பத்திரண்டு. உடனே எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். சைக்கிள்காரர்களுக்கு இதயம் மெதுவாகத் துடிப்பது பெருமை. ஐம்பத்தொரு வயதுப் பள்ளி ஆசிரியையான எனக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

லடாக் கணவாய்களுக்குப் போவதென்று முடிவானதும் பயிற்சி தொடங்கினோம். ஏறிப் பழக சென்னையில் மேடு ஏது? அடையாறு பாலத்திலேயே விடியற்காலையில் இருபது முறை ஏறி இறங்குவோம். அங்கேதான் ஒருநாள் கண் இருட்டியது. ஒரு நொடிதான். வெறும் வயிறு என்று நினைத்து வாழைப்பழம் தின்றேன். உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால், தயவுசெய்து வாழைப்பழத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது கணவாயில், உச்சிக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், என் கால் நகரவில்லை. பின்னால் வந்த முருகன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கொட்டிவாக்கத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துக்கீது? எறங்கு."

"உயரம்டா, அதான். இன்னும் நாலு கிலோமீட்டர்தானே."

அவன் என் கையைப் பிடித்து எண்ணினான். முப்பத்தாறு.

"இவ்ளோ மேடு ஏறிக்கினு வந்தா நாடி எகிறணும்க்கா. உனுக்கு தூங்கிக்கினு கீது. வேன்ல ஏறு."

என்னைக் கேட்காமலே சைக்கிளை, எங்கள் குழுவுக்குத் துணையாகப் பின்னால் வந்த வேனின் கூரையில் கட்டிவிட்டான். ஒரு வருட உழைப்பு! வாய்விட்டு அழுதேன், அவனைக் கண்டபடி திட்டினேன். அதன்பிறகு சென்னை வரும்வரை அந்தப் பாவியோடு பேசவில்லை.

ஊர் திரும்பியதும் எடுத்த ஈசிஜியை டாக்டர் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மெதுவா துடிக்கிறது தப்பில்ல மேடம். உடம்பு வேலை செய்யறப்ப ஏறணும். உங்களுக்கு ஏறல."

ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு வழியில் தடைபடுவது, ரத்தக்குழாய் அடைப்பு அல்ல) என்றார்.

"அன்னிக்கு இவ மேல போயிருந்தா?" என்று கேட்டார் என் கணவர் சாதிக்.

"போகலையே, விடுங்க" என்றார் டாக்டர்.

சாதிக் என் கையை விடவேயில்லை.

பேஸ்மேக்கர் (இதயத்துக்கு மின்துடிப்பு கொடுக்கும் சிறு கருவி) வைத்தார்கள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தும்மினால்கூட வயர் கழன்றுவிடுமோ என்று மார்பைப் பிடித்துக்கொள்வேன். தும்மலுக்கெல்லாம் கழலாது என்று டாக்டர் சொன்ன பிறகும் பயந்தேன். சாதிக்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார்.

"என்னங்க, எலிவால் மாதிரி இருக்கு?"

"கையைத் தூக்காதன்னுதான் சொன்னாங்க. வாயையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறை சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து, டாக்டர் சம்மதித்ததும், முருகனுக்கு நானே போன் செய்தேன். அடையாறு பாலத்தில் பாதி ஏறியதும் காலை ஊன்றி நின்றேன். முன்பென்றால் வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கும். எத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று பார்க்கக் கையில் கடிகாரமும் இல்லை. நேரம் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒன்று இருக்கிறதே.

"நாடி எவ்ளோக்கா?" என்றான் முருகன்.

"எண்ணலடா. அன்னிக்கு உன்னைக் கண்டபடி திட்டினேன். மன்னிச்சுடுடா."

"அத்த வுடுக்கா. அந்த நாலு கிலோமீட்டர் எங்க போவுது? அங்கயேதான் கீது."

ஆமாம். நானும் இருக்கிறேன்.