தப்புத்தான் ஐயா

நான் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன். மதரஸாவில் உதை வாங்கிக் கற்ற அரபிதான் அமீரகத்தின் ஒரு ஃபெடரல் கோர்ட்டில் எனக்குச் சோறு போட்டது. இது நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். எங்கள் நீதிபதி சூடான்காரர். சொந்த நாட்டில் ரொம்ப காலம் நீதிபதியாக இருந்துவிட்டு இங்கே கான்ட்ராக்டில் வந்தவர். “நீயும் விசா, நானும் விசா” என்று சிரிப்பார். ஆளை உள்ளே தள்ளுகிறவருக்கே இந்தக் கதியா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனாலும் மனுஷன் எவனுக்கும் பயப்படமாட்டார் என்று ரூமில் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் உள்நாட்டுக்காரர்களை நீதிபதிகளாக நியமிக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இவருடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் மேலிடத்தில் கிடந்தது. டீ குடிக்கும்போதுகூட, “ஏதாவது கேள்விப்பட்டியா?” என்பார். என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது!

அப்போதுதான் அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சைட்டில் செம்புக் கேபிள் திருடினான் என்று கேஸ். போர்மேன் ஏற்றச் சொன்னார், பிக்கப்பில் ஏற்றினேன் என்று போலீஸில் தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருக்கிறான். தீர்ப்பு எதிராகப் போனால் ஜெயில். அப்புறம் நாடுகடத்துவார்கள், மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது.

“எடுத்தாயா?” என்று நீதிபதி கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு அவன், “தப்புத்தான் ஐயா, மன்னிச்சுக்குங்க” என்றான்.

அட பாவி மனுஷா! பெரிய மனிதர் அதட்டிக் கேட்டால் நம் ஆட்கள் முதலில் இதைச் சொல்லி அவரைக் குளிரவைப்பார்கள். நடந்தது என்ன என்பது அப்புறம்தான் வரும். அரபியில் இது ஒப்புதல் வாக்குமூலம். சத்தியம் செய்தவன் நான், விழுங்க முடியாது. சொன்னேன், கிளார்க் எழுதினான். உடனே அனுமதி கேட்டு, “இது எங்கள் ஊர் மரியாதைப் பேச்சு, குற்றத்தை ஒத்துக்கொள்வதில்லை” என்று விளக்கினேன்.

நீதிபதிக்குப் புரிந்தது. “எங்க பக்கமும் இப்படிப் பேசுறவங்க உண்டு” என்றார். திரும்பக் கேட்டதற்கு அவன் போர்மேன் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னான். விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். எழுதப் பேனாவை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். பிறகு, போர்மேன் வரட்டும் என்று வாய்தா போட்டார்.

அந்த வாய்தாவுக்குள் அவர் கான்ட்ராக்ட் கலாஸ், முடிந்தே போனது. நாற்காலியில் புதிதாக நியமிக்கப்பட்ட உள்நாட்டுக்காரர் இருந்தார். போர்மேனைக் கம்பெனி லீவில் ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தது. புதியவர் பழைய பதிவில் அந்த ஒப்புதலைப் படித்தார். நான் விளக்க வாயைத் திறந்தேன். “மொழிபெயர்ப்பு மட்டும் போதும்” என்றார். ஒரு மாச ஜெயில், பிறகு நாடுகடத்தல். பழையவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று ரூம் முழுக்கப் புலம்பினேன்.

பிள்ளைகளின் பரீட்சைக்காகத் தங்கியிருந்த பழைய நீதிபதியை, ஒரு மாசம் கழித்து, ரூம்காரன் ஒருவனுக்குத் துணையாகப் போன விசா கேன்சல் ஆபீஸில் பார்த்தேன். எங்களைப் போலவே டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வியே, “அந்தக் கேபிள்காரன் என்ன ஆனான்?” என்பதுதான். தீர்ப்பைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னைக்கே விட்டிருக்கலாம்” என்றார். “அவன் திருடலைன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா என் கான்ட்ராக்ட் மேலே கிடந்ததே! ஒத்துக்கிட்டவனை விட்டுட்டான்னு எவனாவது சொல்லிடுவானோன்னு பயந்துட்டேன். இதை நீ அவன்கிட்ட சொல்லணும்.”

“அவனை நேத்தே பிளேன் ஏத்திட்டாங்க” என்றேன்.