ரீபா ஆடிய சீட்டு

ரீபா பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. அவள் அப்பா கிருபைராஜ் வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபையில் உபதேசியார். ரயிலில் எதிர் இருக்கைக்காரர்கள் துண்டை விரித்துச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தால், மகள்களை எழுப்பி வேறு பெட்டிக்குக் கூட்டிப் போய்விடுவார். சாராயமும் சீட்டும் அவருக்கு ஒன்றுதான். அந்த மனிதரின் மகள், தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில், பாளையங்கோட்டை வீட்டில் கணவனின் கட்டிலருகே உட்கார்ந்து சீட்டாட்டத்தின் சொற்களை மனப்பாடம் செய்தாள். செய்யாவிட்டால், உயிர் இருக்கும்போதே அவள் புருஷன் தனியாகிப் போவான்.

அவள் கணவன் ஜாபேஸ் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பையை மாட்டிக்கொண்டு பைக்கில் அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, வள்ளியூர் என்று சுற்றியவன். கடைசி நோயாளி போகும்வரை டாக்டர் வாசலில் காத்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி. அந்தக் காத்திருப்பில் பழகியதுதான் செல்போன் சீட்டாட்டம். அதில் ராஜா, ராணி கிடையாது. காசு வைப்பதும் கிடையாது. ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன், அல்லது ஒரு மந்திரம். நமக்கு வேண்டிய சீட்டுகளைப் பொறுக்கிக் கட்டாக அடுக்கிக்கொண்டு, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனோடு மோத வேண்டும். ஜாபேஸுக்கு எதிராளி பெரும்பாலும் கூட வேலை பார்த்த மேலப்பாளையம் அசன் மைதீன்தான்.

ஒருநாள் பைக்கின் கிளட்சைப் பிடிக்க அவன் இடக்கை மறுத்தது. பிறகு வலக்கை. பிறகு கால்கள். நோயின் பெயரை டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ஜாபேஸின் முகம் செத்துவிட்டது. அந்த நோய்க்கான மாத்திரையை அவனே விற்றிருக்கிறான். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கட்டிலோடு ஆனபின் ஒரு கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து ஆடினான். அந்த விரலும் மரத்துப்போனபோது நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு மனைவியைப் பக்கத்தில் அழைத்தான்.

"ரீபா, பேச்சு போயிரும். கண்ணு கடேசி வரைக்கும் இருக்கும். நீ கேட்டா, ஆமான்னா மேல பாப்பேன். இல்லன்னா மூடுவேன்."

"சரி."

"ஆனா என்ன கேக்கணும்னு ஒனக்குத் தெரியணும்லா. தண்ணி வேணுமா, முதுகு வலிக்கான்னே கேட்டுக்கிட்டு இருந்தா, நான் பொணமாத்தான் கெடப்பேன்."

அந்தச் சொல்லுக்காக அவனைக் கோபிக்கக்கூட அவளால் முடியவில்லை.

மறுநாளிலிருந்து பாடம். டவுண் ரத வீதித் துணிக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே கேட்பாள். கட்டில் கம்பியில் பிடி வைத்துச் செல்போனை மாட்டியிருந்தாள்.

"கட்டுக்கு டெக்னு பேரு. அதுல இருந்து சுத்துக்கு ஒரு சீட்டு எடுப்போம். அது டிரா."

"இந்த நீலக்கல்லு?"

"மானா. சீட்ட எறக்க அதக் குடுக்கணும். ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணு கூடும். கார்ப்பரேசன் குழாத் தண்ணி மாதிரின்னு வச்சுக்கோ. வாரப்ப பிடிக்கலன்னா போச்சு. மிச்சம் வச்சு அடுத்த சுத்துல ஊத்த முடியாது."

"முதல்ல வார சீட்டு நல்லா இல்லன்னா?"

"திருப்பிக் குடுத்து வேற வாங்கலாம். ஒரே ஒரு தடவ. மல்லிகன். விலை கொறஞ்சத வச்சுக்கோ, பெருசத் தள்ளிரு. பெருச எறக்கக் காத்துக்கிட்டு இருந்தா அதுக்குள்ள அடிச்சுப் போட்டுருவான்."

வீரனை வீரனோடு மோதவிட்டு இரண்டையும் சாய்ப்பது டிரேட். எதிரி வீரனைக் கண்டுகொள்ளாமல் எதிராளியின் உயிரிலேயே அடிப்பது ஃபேஸ். எதிராளிக்கு மிச்சமிருக்கும் உயிரை இந்தச் சுற்றிலேயே எடுக்க முடிந்தால் அது லீத்தல்.

"லீத்தல் கண்ணுல பட்டா வேற எதையும் பாக்காத. அடிச்சு முடி," என்றான்.

"இவன் யாரு, கேடயத்தோட நிக்கான்?"

"டாண்ட். வழிமறிக்கவன். இவனச் சாய்க்காம பின்னால இருக்கவங்க கிட்டப் போக முடியாது."

"ஒங்க அம்மாவ மாதிரி."

ஜாபேஸ் சிரித்துவிட்டான். சிரிப்பில் புரையேறியது. கஞ்சி தொண்டையில் சிக்கி, முகம் கருத்து, கண் செருகியது. அவள் அவனைப் பக்கவாட்டில் புரட்டி, வாய்க்குள் குழாயைவிட்டு உறிஞ்சி எடுத்து, மூச்சு திரும்பும்வரை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். கட்டியவனைச் சிரிக்க வைக்கவும் உரிமை இல்லாத பெண்ணின் நெஞ்சு என்ன பாடுபடும்? அன்று முதல் அவன் முன்னால் அவள் வேடிக்கை பேசுவதை விட்டாள்.

அவன் அம்மா சாரம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரீபா கடைக்குப் போகும் நேரமெல்லாம் மகனைப் புரட்டிப் போட்டு, துடைத்து, பார்த்துக்கொண்டவள் அந்தத் தாய்தான். அதை ரீபா ஒருநாளும் மறந்ததில்லை.

"ஏளா, உபதேசியார் மவதானா நீ? சீட்டு இந்த வீட்டுக்குள்ள வந்த பொறவுதான் எம்பிள்ள விழுந்தான். இப்பம் நீயும் சேந்து ஆடுத."

"இது அந்தச் சீட்டு இல்ல அத்தை."

"பேய்க்கு எந்தப் பேரு வச்சா என்ன?"

மழைக்காலம் முடியும்முன் ஜாபேஸின் பேச்சு நின்றது. அதன்பின் வெள்ளிக்கிழமை மாலை அசன் மைதீனோடு ஓர் ஆட்டம் என்று வழக்கமானது. ரீபா ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக் கேட்பாள். கண்கள் மேலே போகும், அல்லது மூடும். ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த நேரம்தான். அது தீரப்போனால் திரையில் ஒரு திரி எரிய ஆரம்பிக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. தடுமாறினாள், ஆனால் ஆடினாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டம் பாதியில் இருக்கும்போது, கையில் வேதப்புத்தகங்களோடு சபைப் பெண்கள் உள்ளே வந்தார்கள். பின்னால் சபையின் போதகர் ஐயர். சாரம்மாள் சொல்லாமல் ஏற்பாடு செய்த ஜெபக்கூட்டம்.

"அத அணைச்சுட்டு முழங்கால் போடு," என்றாள் சாரம்மாள்.

ரீபா முழங்காலிட்டாள். அணைக்கத்தான் கை போகவில்லை. ஐயர் உடனே ஜெபிக்கத் தொடங்கினார். இந்தக் குடும்பத்தைக் கட்டியிருக்கும் சீட்டின் கட்டை அறுத்துப்போடும் ஆண்டவரே என்று அவர் குரல் உயர்ந்தது. எல்லார் கண்களும் மூடியிருந்தன. ரீபா கண் திறந்து பார்த்தாள்.

ஜாபேஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரி எரிந்துகொண்டிருந்தது.

அவன் வயிற்றின்மேல் கிடந்த கைகள் துணிபோலத் துவண்டிருந்தன. அந்தக் கண்களில் கெஞ்சல்கூட இல்லை. இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று முடிவு செய்துவிட்ட கண்கள் அவை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்தாள். ஜெபத்தின் நடுவே கட்டிலருகே போய்த் திரையைப் பார்த்தாள். தங்கள் இரண்டு வீரர்களின் பலத்தைக் கூட்டினாள். அசனின் மிச்ச உயிரைப் பார்த்தாள். வழிமறிப்பவன் யாரும் இல்லை.

"லீத்தல் இருக்கு. ஃபேஸ்ல அடிக்கட்டா?" என்று உரக்கவே கேட்டாள்.

ஐயரின் குரல் தடைப்பட்டது. ஜாபேஸ் கண்களை மூடினான்.

"இல்லையா? அடிச்சா முடிஞ்சுதுல்லா?"

மறுபடியும் மூடினான்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் அவளுக்குச் சொல்லித்தராத கேள்வி ஒன்று தானாக வாயில் வந்தது.

"முடிக்க வேண்டாமா? இன்னும் கொஞ்ச நேரம் ஆடணுமா?"

கண்கள் மேலே போயின.

அவள் வீரர்களை அசனின் வீரன்மேல் ஏவி, டிரேட் செய்தாள். திரி அணைந்து, சுற்று கைமாறியது. அசன் அடுத்து எடுத்த சீட்டு நல்ல சீட்டு. இரண்டு சுற்றில் ஜாபேஸ் தோற்றுப்போனான். உடனே போனில் அசனின் குரல் வந்தது.

"ஏலே ஜாபேசு, கைக்குள்ள இருந்த ஆட்டத்த விட்டுட்டியேலே. மதினி, அவன் சொல்லுதத நம்பாதீங்க, நீங்களா ஆடுங்க."

ஜாபேஸின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஐயர், "வெளிய இருந்து ஜெபிப்போம்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். சாரம்மாள் அவர்களோடு போகவில்லை. உள்ளறைக்குப் போய், பையில் சேலைகளை அடைக்கத் தொடங்கினாள்.

"வள்ளியூருக்கு மக வீட்டுக்குப் போவுதேன். எம்பிள்ள நரகத்துக்குப் போறத இங்கன உக்காந்து பாக்க என்னால ஏலாது."

"இருட்டப் போவுது அத்தை. இருங்க."

"நான் வேணுமா, அது வேணுமான்னு அவன்கிட்ட கேளு. கண்ணால பேசுதான்லா, சொல்லட்டும்."

நாளையிலிருந்து அவனை யார் புரட்டுவார்கள், கடை வேலை என்னாகும் என்ற பயமெல்லாம் ரீபாவுக்கு ஒரேயடியாக வந்தது. அவள் கணவன்மேல் குனிந்தாள்.

"செல்போன எடுத்துரட்டா? அத்தைய இருக்கச் சொல்லட்டா?"

ஜாபேஸின் பார்வை வாசலில் பையோடு நிற்கும் தாயிடம் போனது. பின் திரைக்கு வந்தது. மறுபடி தாயிடம். கண்கள் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. நீர் நிறைந்து, இமை விளிம்பைத் தாண்டிக் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்தால்தான் அவனால் பதில் சொல்ல முடியும். முந்தானையால் இரண்டு கண்களையும் பைய ஒற்றி எடுத்துவிட்டு, ரீபா அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

சாரம்மாள் வெளிக்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.