பொய்யூர்க்காரம்மா

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு வரைபடத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளி வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் சேர்ந்து தெரிகின்றன. இரண்டும் ஒன்றாக ஓடும் இடத்தில் வாய்க்குள் “ம்” என்கிறார். பிரியும் இடத்தில் பென்சிலைக் கடிக்கிறார். குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வரைபடப் பிரிவில், இந்த ஜன்னலோரம் மட்டும் யாரும் நாற்காலி போடுவதில்லை.

வயது நாற்பத்தெட்டு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடியை ஒரு நாளைக்கு நாலு தடவை தேடுவார். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துபோவார். லிஃப்டில் முன்பின் தெரியாதவர் ஏறினாலும், “உங்க வீட்டுல தண்ணி எப்படி வருது?” என்று கேட்காமல் இறங்க மாட்டார். பதினேழு வருடம் புகார் பிரிவில் ஃபோன் எடுத்த பழக்கம் அது. அப்போது மேட்டுத் தெருவிலிருந்து வந்த அழைப்புகள்தான் அதிகம். ஒன்பது வருடமாக அங்கே குழாயைத் திறந்தால் காற்றுதான். ஜனங்கள் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மாலை வகுப்பில் கணினி படித்து, இந்த மாடிக்கு ஏறி வந்தார்.

அவருடைய வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் பாடு. ஊருக்கடியில் பதினோராயிரம் குழாய்கள் நூல்கண்டு சிக்கியது போலக் கிடக்கின்றன. அனுப்புகிற தண்ணீரில் பத்தில் நான்கு பங்கு வீடு போய்ச் சேர்வதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று அறிய, சிக்கலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு மீட்டர் வைக்க வேண்டும். உள்ளே போனது அதிகம், வீடுகள் பிடித்தது குறைவு என்றால் அங்கே தோண்டலாம். ஆனால் கோட்டை எங்கே போடுவது? தங்களுக்குள் நெருக்கமாகவும், வெளியோடு அதிக ஒட்டுறவு இல்லாமலும் இருக்கும் குழாய்க்கூட்டம் எது? அதைக் கண்டுபிடிக்கக் கணினியில் பல முறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் சொல்லும். அவற்றை ஒப்பிட்டு, எதை நம்பலாம் என்று சொல்வதுதான் இவர் வேலை.

அந்த முறைகளுக்குப் புத்தகத்தில் நீளநீளமான பெயர்கள். இவர் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. போக்குவரத்து அதிகமுள்ள இணைப்பாகப் பார்த்து வெட்டிக்கொண்டே போவது கத்திரிக்கோல். பக்கத்திலிருப்பதைச் சேர்த்துச் சேர்த்துப் பெருப்பது முழுங்கி. சந்திக்குச் சந்தி கால் போன போக்கில் நடந்து, எந்த வட்டாரத்தை விட்டு வெளியேற முடியாமல் சுற்றுகிறதோ அதையே ஒரு பகுதி என்பது ஊர்சுற்றி. அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வது ஆமாஞ்சாமி.

“ஆமாஞ்சாமி காலையில ஒண்ணு சொல்வான், மத்தியானம் ஒண்ணு சொல்வான். அவன்கிட்ட மட்டும் நூறு தடவை கேட்பேன்” என்றார், அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம்.

இவர்களுக்குப் பரீட்சை வைக்கத்தான் பொய்யூர் பிறந்தது. கணினிக்குள் அவரே குழாய் பதித்துக் கட்டிய, இல்லாத ஊர். அதில் பன்னிரண்டு பகுதிகள். எல்லைகள் அவருக்கு மட்டும் தெரியும். பகுதிகளுக்கு நடுவே குறுக்குக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாக்கி, எது முதலில் தடுமாறுகிறது, எது நின்று பிடிக்கிறது என்று இரண்டு மாதம் குறித்துக்கொண்டே போனார். கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். “இன்னைக்கு உன் பொய்யூர்ல மழையா வெயிலா?” என்று கேட்டபடிதான் மாலையில் கதவைத் திறப்பாராம். குழாய் ஃபிட்டர்கள் முதுகுக்குப் பின்னால் பொய்யூர்க்காரம்மா என்றார்கள். அது காதில் விழுந்த அன்று, பொய்யூரில் ஒரு தெருவுக்கு ஃபிட்டர் தெரு என்று பெயர் வைத்தார்.

பரீட்சையில் ஊர்சுற்றி கடைசிவரை தாக்குப்பிடித்தான். முழுங்கி பெரிய பகுதிகளைச் சரியாகச் சொன்னான். ஆனால் பெரியதை ஒட்டிச் சின்னது ஏதாவது இருந்தால் வாயில் போட்டுக்கொண்டான். வெளியிலிருந்து வந்த ஆலோசனை நிறுவனமோ முழுங்கி ஒருவனை மட்டும் கேட்டு ஊரை இருபத்திரண்டாகப் பிரித்து, இருபத்திரண்டு மீட்டருக்கும் இடம் குறித்துக் கொடுத்திருந்தது. தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட உட்கார்ந்த கூட்டத்தில், நிஜ ஊரை நான்கு பேரிடமும் கொடுத்து வாங்கிய நான்கு வரைபடங்களை இவர் சுவரில் ஒட்டினார். பூட்டிக்கிடக்கும் பழைய அச்சகத்தை ஒட்டிய அறுபது வீடுகளைக் காட்டி, இதுவும் தனிப் பகுதி, கிடங்கில் அவசரத்துக்கு வைத்திருக்கும் மீட்டரை இங்கே வையுங்கள் என்றார்.

அறுபது வீட்டுக்கு ஒரு மீட்டரா என்று பொறியாளர் கேட்டார். நிறுவனத்தின் வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லையே என்றார்.

“முழுங்கி மட்டும்தான் சார் சேர்த்துட்டான். மத்த மூணு பேரும் ஒரே எடத்துல கோடு போடறாங்க. மூணு பேருக்கும் வேற வேற புத்தி. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதல.”

ஆமாஞ்சாமியுமா என்று ஒரு ஃபிட்டர் மெதுவாகக் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு தடவை என்றார் இவர். பொறியாளர் பேனாவை உருட்டினார். வைத்துப் பார்க்கலாம், தப்பானால் மறுபடி புகார் பிரிவில் ஃபோன் எடுக்க வேண்டியதுதான் என்று பாதிச் சிரிப்போடு சொன்னார். மீதிப் பாதியில் சிரிப்பில்லை. இவர் மீட்டருக்கான சீட்டை அங்கேயே நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மீட்டர் வைத்த மூன்றாம் நாள் காலை அதைப் பார்த்தார்கள். அறுபது வீடு, நானூறு வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஃபிட்டர் இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி ஊன்றி, அதில் காதை வைத்துக் கேட்டபடி அச்சகத்தின் பின்சுவர் ஓரமாக நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று, “அம்மா, உள்ள ஆறே ஓடுது” என்றார். தோண்டினால், முழங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. தண்ணீர் நேராகப் பழைய சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் இத்தனை வருடம் மேலே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை. மேட்டுத் தெருவுக்கு ஏற வேண்டிய அழுத்தமெல்லாம் அங்கேதான் போயிருந்தது.

அடைத்த மறுநாள் மேட்டுத் தெருவுக்கு நானும் கூடப் போனேன். கடைசி வீட்டின் மூன்றாம் மாடி. வீட்டுக்காரப் பெண் குழாயைத் திறந்தார். காற்று இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம். பிறகு தெளிந்த தண்ணீர், குழாய் வாய் நிறைய. கீழ் மாடிகளில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது. நடுவில் பொறியாளர் ஃபோனில் வந்தார். பக்கத்து ஊருக்கும் கோடு போட வேண்டும், எந்த முறை என்பது இனி உங்கள் முடிவுதான் என்றார். சரி சார் என்று வைத்துவிட்டார் இவர்.

“மொதல்ல நீங்க குடிங்கக்கா” என்று அந்தப் பெண் டம்ளரை நீட்டினார்.

நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டிலிருந்து எடுக்காமல் முழுவதும் குடித்தார். தாடையில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. யாரையும் கேட்காமல், காலி டம்ளரை மறுபடி குழாய்க்கு அடியில் நீட்டினார்.