பெயர்களை உரக்க வாசித்த அன்று

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். செலவைக் குறைப்பதாகச் சொல்லி அரசாங்கம் பல குடும்பங்களுக்கு நிவாரண அரிசியை நிறுத்தியது. பிள்ளைகள் வெறும் பிளேன்டீ குடித்துவிட்டு வந்து மயங்கி விழுந்தார்கள். பொறுக்காமல் மனு எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு நானே அலைந்தேன். அரிசி பெறுவோரின் புதுப் பட்டியலின் பிரதி மட்டும்தான் கிடைத்தது.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, அரிசி கிடைக்கப்போகிறவர்களின் பெயர்களை உரக்க வாசித்தேன். அதுதான் நான் செய்த தவறு.

"ராணி வீட்டுக்கு இருக்கு, எனக்கு இல்லையா? அவ புள்ளைக்கு மட்டுந்தான் வயிறா?" என்று பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்வம் கத்தினார். ராணியின் புருஷன் அவரைப் பிடித்துத் தள்ளினார். யாரோ எறிந்த கல்லில் ராணியின் நெற்றி பிளந்தது. வேலையிலிருந்து நேரே வந்திருந்த செல்வம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ராணியின் புருஷன்மேல் ஓங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன். கத்தி என் தோளைக் கிழித்தது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து போயிருக்கும்.

இரத்தத்தைக் கண்டதும் செல்வம் கத்தியைக் கீழே போட்டார். "டீச்சர், மூணு நாளா அடுப்பு எரியலங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது நான் எந்தப் பட்டியலையும் கூட்டத்தில் வாசிப்பதில்லை. பெயர் வெட்டப்பட்ட வீடுகளுக்குப் போய் மேன்முறையீடு எழுதிக் கொடுக்கிறேன். செயலகத்துக்குத் தனியாகவும் போவதில்லை. போன வாரம் ராணியும் செல்வத்தின் மனைவியும் என்னோடு வந்தார்கள். அதிகாரி முன்னால் ராணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்குக் குடுக்குறீங்க, சரி. இவங்களுக்கு ஏங்க இல்ல?"